கையெழுத்து போட மறுக்கும் புது வீரர்... அணி என்ன செய்யணும்? என்.எஃப்.எல் 'ஹோல்ட்அவுட்' பின்னணி என்ன?

2025 ஜூலை மாதம். அமெரிக்காவின் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் பயிற்சி முகாம் தொடங்கிவிட்டது. ஆனால், அந்த ஆண்டு முதல் சுற்றிலேயே அணி தேர்வு செய்த இளம் வீரர் ஷெமார் ஸ்டூவர்ட் முகாமுக்கு வரவில்லை. காரணம், அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை.

சம்பளம் குறைவுன்னு கோபமா? அதுவும் இல்லை. 4 ஆண்டுக்கு சுமார் 1.9 கோடி டாலர். இந்தத் தொகையில் இரு தரப்புக்கும் தகராறே கிடையாது. ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு விதியின் வாசகம்தான் பிரச்சனை. அதற்காக மே, ஜூன் மாதப் பயிற்சிகளும் போயின, முகாமின் முதல் நாட்களும் போயின. கடைசியில் ஜூலை 25-ம் தேதி இரு தரப்பும் உடன்பட்டன.

இப்படி ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் பயிற்சிக்கு வராமல் இருப்பதைத்தான் அமெரிக்காவில் 'ஹோல்ட்அவுட்' என்கிறார்கள். புது வீரர் இப்படி நின்றால் அணி என்ன செய்ய வேண்டும்? விட்டுக்கொடுக்கணுமா, விடாப்பிடியா நிக்கணுமா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இது எந்த 'ஃபுட்பால்'?

நம்ம ஊரில் ஃபுட்பால் என்றால் காலால் உதைத்து ஆடும் கால்பந்து. அமெரிக்காவில் அந்தப் பெயர் வேறொரு ஆட்டத்துக்கு. முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம் என்று மோதி ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' அது. அதன் தொழில்முறை லீக்தான் என்.எஃப்.எல். மொத்தம் 32 அணிகள்.

கல்லூரியில் ஆடி முடித்த வீரர்களை இந்த அணிகள் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் 'டிராஃப்ட்' மூலம் எடுக்கின்றன. 7 சுற்றுகள். பொதுவாக, முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் வாய்ப்பு.

ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே விலை ஏற்றிவிட யாரும் கிடையாது. ஒரு அணி ஒரு வீரரை எடுத்துவிட்டால், அந்த வீரர் அந்த அணியோடு மட்டும்தான் பேச முடியும். பக்கத்து அணி அதிகம் தர்றேன்னு சொன்னாலும் போக முடியாது.

அப்போ வீரர் கையில் என்னதான் இருக்கு?

ஒரே ஒரு ஆயுதம்: கையெழுத்து போடாமல் இருப்பது.

ஏற்கனவே ஒப்பந்தத்தில் இருக்கும் சீனியர் வீரர் முகாமுக்கு வரலைன்னா, நாளுக்கு 40 ஆயிரம், 50 ஆயிரம் டாலர் என அபராதம் விழும். புது வீரருக்கு அது கிடையாது. ஒப்பந்தமே இல்லாதவருக்கு எப்படி அபராதம் போடுவது?

ஆனால் அவருக்கும் ஒரு கெடு இருக்கு. சீசனின் 10-வது வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்து போடவில்லை என்றால், அந்த ஆண்டு முழுக்க ஆட முடியாது. அடுத்த ஆண்டு மறுபடியும் டிராஃப்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு வருஷம் ஆடாத வீரரை அதே இடத்தில் அடுத்த முறை யாராவது எடுப்பார்களா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதாவது, வீரருக்கும் நஷ்டம், அணிக்கும் நஷ்டம். யார் முதலில் இறங்கி வருவது என்பதுதான் போட்டி.

முன்னாடி எப்படி இருந்தது?

2011-க்கு முன்பு புது வீரரின் சம்பளத்துக்கு இறுக்கமான அளவுகோல் கிடையாது. ஏஜென்ட் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு. அதனால் ஹோல்ட்அவுட் என்பது ஒவ்வொரு ஆண்டும் நடக்கும் வழக்கமான காட்சி.

*ஜமார்கஸ் ரஸ்ஸல் (2007):* ஓக்லாந்து ரைடர்ஸ் அணி முதல் ஆளாக எடுத்த க்வார்ட்டர்பேக். அதாவது ஆட்டத்தை வழிநடத்தி பந்தை எறியும் முக்கிய வீரர். பயிற்சி முகாம் முழுவதையும் தவறவிட்டு, சீசன் தொடங்கிய பிறகு செப்டம்பர் 12-ம் தேதிதான் கையெழுத்து போட்டார். 6 ஆண்டுக்கு சுமார் 6.1 கோடி டாலர். அதில் 3 கோடி டாலருக்கு மேல் உத்தரவாதம். ஆனால் முகாமைத் தவறவிட்டவர் ஆட்டத்தில் இறங்கவே டிசம்பர் ஆகிவிட்டது. 2010 மே மாதம் அணி அவரை வெளியே அனுப்பியது.

*மைக்கேல் கிராப்ட்ரீ (2009):* சான் பிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணி 10-வது ஆளாக எடுத்த வீரர். தனக்கு முன்னால் 7-வதாகத் தேர்வான ஒருவருக்குக் கிடைத்ததைப் போல தனக்கும் வேண்டும் என்பது அவர் தரப்பு வாதம். அக்டோபர் 7-ம் தேதிதான் கையெழுத்தானது. அதற்குள் சீசனின் முதல் 4 ஆட்டங்கள் முடிந்துவிட்டன. அணி தன் கணக்கை விட்டு இறங்கவில்லை. கடைசியில் 6 ஆண்டுக்கு சுமார் 3.2 கோடி டாலர் என்று முடிந்தது. வந்த பிறகு 11 ஆட்டங்களில் 48 கேட்ச், 625 கெஜம் என்று நன்றாகவே ஆடினார்.

*போ ஜாக்சன் (1986):* டாம்பா பே அணி முதல் ஆளாக எடுத்தும் இவர் போகவே இல்லை. பேஸ்பால் ஆடப் போய்விட்டார். அணிக்கு அந்த முதல் வாய்ப்பு வீணானது. அடுத்த ஆண்டு ரைடர்ஸ் அணி அவரை வெறும் 7-வது சுற்றில் எடுத்துக்கொண்டது.

2011-ல் என்ன மாறியது?

அந்த ஆண்டு அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே பெரிய மோதல். சில மாதங்கள் லீக்கே பூட்டிக் கிடந்தது. அதன் முடிவில் வந்த புதிய உடன்படிக்கையில் புது வீரர்களுக்கு 'சம்பள அளவுகோல்' கொண்டுவரப்பட்டது. எத்தனையாவது ஆளாகத் தேர்வாகிறாரோ, அதற்கேற்ப மொத்தத் தொகை கிட்டத்தட்ட முன்கூட்டியே முடிவாகிவிடும். டிராஃப்ட் மூலம் வரும் எல்லோருக்கும் 4 ஆண்டு ஒப்பந்தம். முதல் சுற்று வீரர்களுக்கு மட்டும் 5-வது ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணியின் கையில்.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 2010-ல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உத்தரவாதம். அடுத்த ஆண்டே முதல் ஆளாகத் தேர்வான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு சுமார் 2.2 கோடி டாலர். ஒரே வருஷத்தில் தலைகீழ் மாற்றம்.

இன்னொரு கட்டுப்பாடும் வந்தது. டிராஃப்டில் வந்த வீரர் 3 சீசன் முடியும் வரை ஒப்பந்தத்தைத் திருத்திப் பேச முடியாது. ஆக, முதல் கையெழுத்துதான் எல்லாம்.

தொகை முடிவாகிடுச்சே... அப்புறம் எதுக்கு சண்டை?

இங்கேதான் விஷயமே இருக்கு. தொகையில் பேரம் பேச இடமில்லாததால், இரு தரப்பும் மீதமிருக்கும் சின்னச் சின்ன விதிகளில் மோதுகின்றன. முக்கியமாக மூன்று விதிகள்:

*1. ஆஃப்செட் விதி:* 4 ஆண்டு முடியும் முன்பே அணி வீரரை நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பது பற்றியது. உதாரணத்துக்கு, அணி அவருக்கு இன்னும் 50 லட்சம் டாலர் உத்தரவாதத் தொகை தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேறொரு அணியில் 10 லட்சத்துக்குச் சேர்கிறார். ஆஃப்செட் இருந்தால் பழைய அணி 40 லட்சம் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் வீரருக்கு இரண்டு பக்கமும் பணம், மொத்தம் 60 லட்சம்.

*2. போனஸ் எப்போது கைக்கு வரும்?* கையெழுத்து போடும்போது தரும் 'சைனிங் போனஸ்' முழுவதும் உடனே வருமா, ஒரு பகுதி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகுமா என்ற கேள்வி.

*3. உத்தரவாதம் ரத்தாகும் விதி:* வீரர் தவறு செய்து தடை வாங்கினால், உத்தரவாதத் தொகை போய்விடுமா? போனால் அந்த ஆண்டுக்கு மட்டுமா, மீதி எல்லா ஆண்டுகளுக்குமா? ஸ்டூவர்ட் - பெங்கால்ஸ் மோதல் இதில்தான். முந்தைய ஆண்டுகளில் இதே அணி முதல் சுற்றில் எடுத்த வீரர்களுக்கு இல்லாத கடுமை எனக்கு மட்டும் ஏன் என்பது அவர் தரப்பு கேள்வி. ஆட்டத்தில் ஜெயிப்பதை விட வாதத்தில் ஜெயிக்கத்தான் அணி ஆசைப்படுகிறது என்ற அர்த்தத்தில் அவர் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே பேசினார்.

இதெல்லாம் கோடீஸ்வரர்களின் சில்லறைச் சண்டை மாதிரி தெரியலாம். ஆனால் என்.எஃப்.எல் ஒப்பந்தங்களில் உத்தரவாதம் இல்லாத பணம் காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம். முழங்கால் போனால் அணி அடுத்த நாளே கைவிடலாம். பல வீரர்களுக்கு முதல் ஒப்பந்தமே கடைசி ஒப்பந்தம். அதனால்தான் ஏஜென்ட்கள் ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துத் தொங்குகிறார்கள்.

இரண்டு அணிகள், இரண்டு பாடங்கள்

*சார்ஜர்ஸ் - ஜோயி போசா (2016):* அப்போது சான் டியாகோவில் இருந்த சார்ஜர்ஸ் அணி, போசாவை 3-வது ஆளாக எடுத்தது. ஆஃப்செட் விதியும் வேண்டும், போனஸில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுதான் தருவோம் என்று இரண்டையும் அணி கேட்டது. ஏதாவது ஒன்றை விடுங்கள் என்றது வீரர் தரப்பு. முகாம் ஏறக்குறைய முழுவதும் போனது.

ஆகஸ்ட் 24-ம் தேதி அணி ஒரு அறிக்கை விட்டது. இதுவரை கொடுத்த சலுகையைத் திரும்பப் பெறுகிறோம், இவ்வளவு தாமதமாக வந்தால் முழு சீசனும் பங்களிக்க முடியாது என்பதால் புதிதாகக் கணக்குப் போடுவோம் என்றது. விவகாரம் ஊருக்கே தெரிந்த சண்டையானது. வீரரின் அம்மா வரை ஃபேஸ்புக்கில் கருத்து போட, அது தலைப்புச் செய்தியானது. ஆனால் அடுத்த 5 நாளில் இரு தரப்பும் உடன்பட்டன.

பிறகு நடந்ததுதான் முக்கியம். தாமதமாகப் பயிற்சிக்கு வந்த போசாவுக்கு தொடைத் தசையில் காயம். முதல் 4 ஆட்டங்களில் ஆடவில்லை. அந்த 4-ல் சார்ஜர்ஸ் 3 தோல்வி. வித்தியாசம் 6, 4, 1 புள்ளிகள்! களமிறங்கிய பிறகு 12 ஆட்டங்களில் 10.5 சாக். அதாவது எதிரணி க்வார்ட்டர்பேக்கைப் பந்தோடு மடக்கிய கணக்கு. ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்கே. அணியோ 5 வெற்றி, 11 தோல்வி என சீசனை முடித்தது. அவர் இருந்திருந்தால் அந்த 3 ஆட்டமும் மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு புள்ளியில் தோற்ற அணிக்கு, போனஸ் தேதிக்காக ஒரு மாதம் இழுத்தது லாபமான வியாபாரம் இல்லை.

*பேர்ஸ் - ரோக்வான் ஸ்மித் (2018):* சிகாகோ பேர்ஸ் அணி 8-வதாக எடுத்த வீரர். அந்த ஆண்டு ஹெல்மெட்டைத் தாழ்த்தி மோதினால் தண்டனை என்று லீக் புது விதி கொண்டுவந்தது. களத்தில் பந்து ஆடும்போது நடக்கும் மோதலுக்காகத் தடை வந்தால், அதற்காக என் உத்தரவாதத் தொகையை அணி பறிக்கக் கூடாது என்பது ஸ்மித் தரப்பின் கோரிக்கை. 29 நாள் இழுபறி.

கடைசியில் அணி ஒரு நியாயமான கோட்டைப் போட்டது. களத்தில் ஆட்டத்தின் போக்கில் நடப்பது வேறு, களத்துக்கு வெளியே செய்யும் தவறு வேறு என்று பிரித்துப் பார்க்க இடம் கொடுத்தது. சீசனின் முதல் ஆட்டத்தில், தான் இறங்கிய முதல் பந்திலேயே ஸ்மித் எதிரணி க்வார்ட்டர்பேக்கை மடக்கினார். அந்த சீசனில் பேர்ஸ் 12 வெற்றி.

இந்தக் கோட்டை ஜூலையிலேயே போட்டிருந்தால் 29 நாளும் மிச்சம். இரண்டு சம்பவமும் சொல்லும் பாடம் அதுதான்.

சரி, அணிகள் என்ன செய்யணும்?

*1. டிராஃப்டுக்கு முன்பே சொல்லிவிடணும்.* டிராஃப்டுக்கு முன் அணிகள் வீரர்களைக் கூப்பிட்டுப் பேசுகின்றன, உடலைச் சோதிக்கின்றன. அப்போதே 'எங்கள் ஒப்பந்தத்தில் இந்தந்த விதி இருக்கும்' என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சனை தீரும். ஏப்ரலில் எடுத்துவிட்டு, ஜூலையில் வாசகத்தைப் பற்றிச் சண்டை போடுவது மூன்று மாதத்தை வீணாக்கும் வேலை.

*2. விதியின் விலையைக் கணக்குப் போடணும்.* இந்த விதி எப்போது பயன்படும்? வீரர் மோசமாகத் தோற்றால், அல்லது பெரிய தவறு செய்தால். அப்படி நடந்து அணி மிச்சப்படுத்தும் தொகை எவ்வளவு? இந்தப் பக்கம், இன்றே இழக்கும் பயிற்சி எவ்வளவு? நடக்குமா என்றே தெரியாத ஒன்றுக்காக, கண்ணெதிரே இருப்பதை விடுவது சரியா என்று நிர்வாகம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*3. புது விதி கேட்டால் பதிலுக்கு ஏதாவது தரணும்.* 'இனி எல்லோருக்கும் இப்படித்தான்' என்பதில் அணியின் பக்கமும் நியாயம் உண்டு. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆண்டு எல்லா ஏஜென்ட்டும் அதையே நீட்டுவார்கள். ஆனால் போன வருஷம் வந்தவருக்கு இல்லாததை இந்த வருஷம் வந்தவர் சும்மா ஏற்க மாட்டார். மொத்தத் தொகையைக் கூட்ட முடியாவிட்டாலும், போனஸை முன்கூட்டியே கொடுக்க அணியால் முடியும். கையில் இருக்கும் நல்ல நாணயம் அதுதான்.

*4. சண்டையை வீதிக்குக் கொண்டுவரக் கூடாது.* அறிக்கை விட்டால் ரசிகர்கள் ஒரு நாள் கைதட்டுவார்கள். ஆனால் அந்த வீரர் அடுத்த 4, 5 ஆண்டு அதே உடைமாற்றும் அறையில்தான் இருப்பார். 4-வது ஆண்டு அடுத்த ஒப்பந்தம் பேசும்போது முதல் சண்டை யாருக்கும் மறந்திருக்காது.

*5. பயிற்சியையும் கையெழுத்தையும் பிரிக்கணும்.* கையெழுத்தாகும் முன்பே வீரர் மே, ஜூன் பயிற்சிகளில் கலந்துகொள்ள ஒரு வழி இருக்கு. பயிற்சியில் காயம்பட்டாலும், காயமே படாதவர் போல நினைத்துப் பேச்சுவார்த்தை நடத்துவோம் என்று அணி எழுதிக் கொடுக்கும் தனி உடன்படிக்கை அது. இதை நேர்மையான வாசகத்தோடு கொடுத்தால் பல வீரர்கள் ஆட வருவார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், கற்றுக்கொள்வது நிற்க வேண்டாம்.

*6. தாமதமாக வந்தவரை அவசரப்படுத்தக் கூடாது.* ஒரு மாதம் தனியாக ஓடிக்கொண்டிருந்த உடல், அணியோடு மோதி ஆடும் உடல் ஆகிவிடாது. வந்த முதல் வாரமே முழு வேகத்தில் இறக்கினால் தசைக் காயம் வரும் ஆபத்து அதிகம். தாமதமாக வந்தாய் என்று தண்டிப்பதும் வேண்டாம், இழந்த நாளைப் பிடிக்கிறேன் என்று விரட்டுவதும் வேண்டாம்.

எப்போது விடாப்பிடியா நிக்கணும்?

எல்லாத்துக்கும் தலையாட்டணும் என்றும் அர்த்தமில்லை. தனக்கு முன்னால் தேர்வானவரின் அளவுக்குத் தனக்கும் வேண்டும் என்று கிராப்ட்ரீ தரப்பு கேட்டபோது 49-யர்ஸ் தன் எல்லையில் நின்றது சரி. அதை ஒத்துக்கொண்டால் வரிசைக்கே அர்த்தம் போய்விடும். மாறாக, பெரிய உத்தரவாதத் தொகையும் கொடுத்து, முகாமையும் இழந்த ரைடர்ஸுக்கு இரண்டு பக்கமும் அடி.

அதேபோல களத்துக்கு வெளியே நடக்கும் தவறுகளுக்கான பாதுகாப்பை அணி விட்டுத்தரத் தேவையில்லை. கோடிக்கணக்கில் பணம் கொடுப்பவர் அதைக் கேட்பது நியாயம்தான். தவறுக்கேற்ற அளவில் தண்டனை இருக்கிறதா என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

இனி எங்கே பிரச்சனை வரும்?

முதல் சுற்று வீரர்களுக்கு ஒப்பந்தத் தொகை முழுவதும் உத்தரவாதம் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மோதல் 2-வது சுற்றுக்கு நகர்ந்திருக்கிறது.

2025 மே மாதம் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி, ஒட்டுமொத்தமாக 34-வதாகத் தேர்வான ஜேடன் ஹிக்கின்ஸுக்கு முழு உத்தரவாத ஒப்பந்தம் கொடுத்தது. 2-வது சுற்று வீரருக்கு இப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை. உடனே அவருக்கு ஓரிடம் முன்னால் தேர்வான வீரருக்கும் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அதையே கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவுதான், அந்தச் சுற்றின் மற்ற 30 வீரர்களும் கையெழுத்தை நிறுத்திக்கொண்டார்கள். ஜூலை வரை இழுத்தது. சார்ஜர்ஸ் அணியின் டிரே ஹாரிஸ் முகாம் தொடங்கிய நாளில் வரவே இல்லை. சில நாள் கழித்துத்தான் உடன்பாடு ஏற்பட்டது.

ஒரு அணி ஒரு விதியில் இறங்கி வந்தால், அது 32 அணிகளின் ஒப்பந்தத்தையும் தொடுகிறது. அதனால்தான் நிர்வாகங்கள் பயப்படுகின்றன. ஆனால் பயம் காரணமாக ஒரு இளைஞரை ஒரு மாதம் வாசலில் நிறுத்தினால், நஷ்டம் செப்டம்பரில் ஸ்கோர்போர்டில் தெரியும்.

இந்த வீரர்களை அணிக்குப் பிடித்துத்தான் எடுத்தார்கள். ஏப்ரலில் மேடையேற்றித் தொப்பி கொடுத்துக் கட்டிப்பிடித்த அதே வீரர்தான் ஜூலையில் வெளியே நிற்கிறார். இடையில் இருக்கும் மூன்று மாதத்தில் பேசி முடிக்கும் அணிக்கு, இந்தப் பிரச்சனையே வராது.